எங்கே வைக்க என்று கேட்காத புரோகிராம்

ஈப்போ,
9 பிப்ரவரி 1986

அன்புள்ள மத்தியாஸ் அண்ணனுக்கு,

தங்கை ஐவி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீங்களும் ஜோன் அண்ணியும் சுகந்தானா? அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. கோயிலில் முழங்காலிடாமல் உட்கார்ந்தே செபம் சொல்லுங்கள் என்றால் கேட்பதில்லை.

இன்று சீனப் பெருநாள். எங்கள் முதலாளி தவுக்கே கம்ப்யூட்டர் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு பினாங்குக்குப் போய்விட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

சிலிம் ரிவருக்கு உள்ளே இருக்கிற கெருயிங் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் விற்றோம். அங்கே டிரஸர் இராமசாமி என்று ஒருவர். சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் மருந்து, ஊசி, கட்டு எல்லாம் அவர்தான். நீங்கள் எழுதிக் கொடுத்த பாசாங் புரோகிராமைப் போட்டுக் காட்டினேன். "எங்கள் கடைப் புரோகிராம்கள் டிஸ்கெட்டில் வரும். அவற்றை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் ஒழுங்காக வைப்பதும், புதுப் பதிப்பு வந்தால் பழையதை எடுத்துவிட்டு மாற்றுவதும் இதன் வேலை" என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, "பேரே பாசாங்கா? அப்ப நம்பலாமா மா?" என்றார். "மலாய்ல மாட்டுறதுன்னு அர்த்தங்கய்யா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரச்சினை இதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்டு டிஸ்க். சி என்கிற முதல் டிஸ்க் தோட்டக் கம்பெனியின் கோலாலம்பூர் தலைமை அலுவலகக் கணக்குகளுக்கு. டி என்கிற இரண்டாவது டிஸ்க் ஆஸ்பத்திரிக்கு. பாசாங் எதையும் கேட்பதில்லை. நேராக சி டிஸ்கில் பாசாங் என்று ஓர் அறையைத் திறந்து எல்லாவற்றையும் அங்கேதான் வைக்கிறது. டி டிஸ்க் காலியாகக் கிடக்கிறது. சி நிரம்பி வழிகிறது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் போட்டு, யாருடைய சாமான் இது என்று சத்தம் போடுகிறார்கள்.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். எங்கே வைக்க என்று கேட்கட்டும். அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
ஐவி

*

ஜொகூர் பாரு,
2 மார்ச் 1986

அன்புத் தங்கச்சி ஐவிக்கு,

கடவுள் கிருபையால் இங்கே இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அம்மாவுக்குக் கோயில் எண்ணெயைத் தடவுவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டு.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார். ஆபீஸில் என்னை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். உன் கடிதம் பழைய சிங்கப்பூர் விலாசத்துக்குப் போய்ச் சுற்றி வந்தது, இனி அங்கே எழுத வேண்டாம். அந்த நம்பருக்குப் போனும் செய்ய வேண்டாம், எடுக்க ஆள் இருக்காது.

நீ கேட்டது நடக்காது. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் இங்கே இருக்கிறேன். கம்ப்யூட்டர் சுங்காயில் இருக்கிறது, லகாட்டில் இருக்கிறது, யாரும் போகாத தோட்டத்தில் இருக்கிறது. கணக்கு எழுதுகிற ஒரு கிராணி போன் செய்து வேலை செய்யவில்லை என்கிறார். எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே அறை. கண்ணை மூடிக்கொண்டு இதைப் பார், அதைத் திற என்று சொல்ல முடிகிறது. உன் கேள்வியைச் சேர்த்தால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். சொன்னதை மறந்தும் விடுவார்கள். அப்புறம் நீதான் பஸ் ஏறிப் போய்த் தேட வேண்டும்.

பாசாங் மட்டும் இல்லை, அது வைக்கிற ஒவ்வொரு புரோகிராமும் அந்த அறையைத்தான் நம்பி நடக்கிறது. ஓர் இடத்தை அசைத்தால் எல்லாம் அசையும். தலைமை அலுவலகத்தைச் சி டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கச் சொல். அதுதான் சரியான வழி.

அம்மாவுக்கு என் வணக்கம். ஜோன் உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
மத்தியாஸ்

*

ஈப்போ,
16 மார்ச் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காக வேண்டிக்கொள்கிறோம். டாக்டர் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வியாழக்கிழமை கெருயிங் போனேன். நீங்கள் போன வருடம் கொடுத்தனுப்பிய பாசாங் மூன்றாம் பதிப்பை முதல் தடவையாகப் போட்டேன். இடம் பற்றாததால் அது பழையதைச் சுத்தம் செய்யும், கொஞ்சம் மிச்சமாகும் என்று நினைத்தேன். சுத்தம் செய்தது. தான் வைத்த பழைய புரோகிராமை எடுத்தது. அந்த அறையில் தனக்குத் தெரியாமல் இருந்த மற்றதையும் எடுத்துவிட்டது.

டிரஸர் இராமசாமி காசநோய்க்காரர்களின் விவரத்தை நான்கு மாதமாகத் தானே தட்டி வைத்திருந்தார். யார், எந்தத் தோட்டம், எந்த மருந்து, எத்தனை மாதம் முடிந்தது எல்லாம். புரோகிராமைத் திறந்தால் அந்த அறையில்தான் போய் நிற்கும், அதனால் அங்கேயே சேமித்தார். வேறு எங்கே சேமிப்பார்? எல்லாம் போய்விட்டது. டிஸ்கெட்டில் நகல் எடுத்து வைக்க நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தேடுனா கெடைக்குமா மா?" என்று கேட்டார். நான் தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் புதுப் பதிப்பு ஏற்கெனவே எழுதிவிட்டது.

அண்ணே, இப்போது இரண்டு மாற்றம் வேண்டும். ஒன்று, எங்கே வைக்க என்று கேட்க வேண்டும். இரண்டு, தான் வைக்காத எதையும் பாசாங் தொடக் கூடாது. இரண்டாவதை இந்த மாதமே செய்து அனுப்புங்கள். இன்னும் பல இடங்களில் மூன்றாம் பதிப்பைப் போட வேண்டியிருக்கிறது. தவுக்கேயிடம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஐவி

*

ஜொகூர் பாரு,
20 ஏப்ரல் 1986

அன்புத் தங்கச்சிக்கு,

பாஸ்கா வாழ்த்தைத் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள். இருவரும் நலம். இங்கே வேலை அதிகம். கடிதம் எழுத உட்கார முடியவில்லை.

டிரஸருக்கு நடந்ததைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்த அறை பாசாங்குடையது. அங்கே என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று பாசாங்குக்குத் தெரிய வேண்டும். பழைய பதிப்பின் துண்டு துணுக்கு அங்கே கிடந்தால் புதியது குழம்பிப் போகும். உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டாம் பதிப்பில் அப்படித்தான் சம்பளக் கணக்கு தப்புத் தப்பாக வந்தது. அதைச் சரி செய்யத்தான் மூன்றாம் பதிப்பில் சுத்தம் செய்யும் பகுதியை எழுதினேன். அவர் சொந்தச் சாமானை அங்கே வைத்தது தவறு. வைக்க வேண்டாம் என்று சொல்லாதது கடையின் தவறு.

மாற்றத்தைப் பற்றி யோசிக்கிறேன். அவசரத்தில் செய்கிற வேலை இல்லை இது. நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்.

அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

அன்புடன்,
மத்தியாஸ்

*

ஈப்போ,
4 மே 1986

அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நான் எங்கே போனேன் என்று தெரியுமா? டிரஸரோடு தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயம் லயமாக நடந்தேன். அவரிடம் பழைய சீட்டுகள் பாதிதான் இருந்தன. மிச்சத்தை ஆளைப் பார்த்துக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. மருந்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒட்டும் என்று அவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியாது.

செல்லாயி என்று ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிற ஓர் அம்மா. "எந்த மாத்திரைம்மா சாப்புடுறீங்க?" என்று டிரஸர் கேட்டார். அந்த அம்மா மாடத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். சிவப்பு மாத்திரை அப்படியே இருந்தது.

"இத ஏன் சாப்புடல?"

"அதப் போட்டா ஒண்ணுக்கு செவப்பாப் போவுதுங்கய்யா. ரத்தம்னு பயந்துட்டேன். சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல."

"அது மருந்தோட சாயம்லா. ரத்தமில்ல. என்னைய வந்து கேட்டிருக்கலாமே" என்று சொல்லி டிரஸர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இருளாயி என்று ஒரு பெண்ணைக் காணவே இல்லை. குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். சுங்காய்ப் பக்கம் என்கிறார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அழிந்துபோன விவரத்தில் அவள் தம்பியின் விலாசம் இருந்ததாம்.

உங்களுக்கு நேரம் கிடைக்காததால் நானே ஒன்று செய்து பார்த்தேன். பாசாங்கைப் பிரித்து உள்ளே பார்த்து, சி என்று இருந்த இடத்திலெல்லாம் டி என்று மாற்றினேன். ஓடியது. சந்தோஷத்தில் தவுக்கேயையே கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். புரோகிராம் திறக்கவில்லை. எங்கோ ஓர் இடத்தில் நீங்கள் அந்த எழுத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், என் கண்ணில் அது படவில்லை. பாதிச் சாமான் டி டிஸ்கில், பாதிச் சாமான் சி டிஸ்கில். தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டு, "சூசா லா ஐவி, சூசா" என்றார். அவருக்கே கஷ்டம் என்றால் எனக்கு?

ஒரு கேள்வியைச் சேர்க்க உங்களுக்கு மூன்று மாதமா அண்ணே? வேலை அதிகம் என்று எழுதுகிறீர்கள். எனக்கும் வேலைதான். உங்களுக்கு அது கொள்கை. எனக்கு அது இருளாயி. நான் அவளைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தினமும் அவள் பெயர்தான் நினைவுக்கு வருகிறது.

ஐவி

*

ஜொகூர் பாரு,
19 மே 1986

ஐவிக்கு,

நாங்கள் நலம்.

என் புரோகிராமைக் கத்தியால் கீறிப் பார்க்க உனக்கு யார் சொன்னது? நீ பாதி வெட்டிய பதிப்பு எத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது? இனி யாராவது போன் செய்தால் எதைப் பார்த்துப் பதில் சொல்வது? முதலில் ஒரே அறை என்றாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கொள்கை என்று நக்கலாக எழுதியிருக்கிறாய். ஆமாம், கொள்கைதான். எழுதுகிறவனுக்கு ஒரு கொள்கை இருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் கதவு வைத்துக்கொண்டு போனால் சுவர் மிஞ்சாது.

பழைய மூன்றாம் பதிப்பையே போடு. போடுவதற்கு முன் அறையைக் காலி செய்யச் சொல். வேறு எதுவும் இப்போது செய்ய முடியாது. இதைப் பற்றி மறுபடி எழுத வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

மத்தியாஸ்

*

ஈப்போ,
20 ஜூலை 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். ஜூன் மாதம் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கிடைத்ததா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

புரோகிராமைப் பற்றி இதில் எதுவும் எழுதவில்லை. அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "ஜொகூர்ல இருந்து ஈப்போக்கு ஒரு ராத்திரி பஸ்தானே, அவனுக்கு அவ்வளவு தூரமாப் போச்சா?" என்கிறார். உங்களுக்கு வேலை அதிகம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். கோபம் இருந்தால் வந்து என்னை நேரில் திட்டுங்கள்.

உங்கள் தங்கை,
ஐவி

*

ஜொகூர் பாரு,
3 ஆகஸ்ட் 1986

அன்பு ஐவிக்கு,

ஜோன் எழுதுகிறேன். நீயும் அத்தையும் நலமாக இருக்க மாதாவிடம் வேண்டுகிறேன். நான் எழுதியது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். துவைக்கும்போது எடுத்து வைப்பது நான். நானும் படித்துவிட்டேன், தப்பாக நினைக்காதே.

இங்கே ஆபீஸ் எதுவும் இல்லை ஐவி. சிங்கப்பூர்க் கம்பெனி போன வருடம் ஆகஸ்டிலேயே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நம் நாட்டு ஆள்களை முதலில் அனுப்பினார்கள். வேலை பெர்மிட் போனதும் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். நான் ரேடியோ சாமான் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவர் எட்டு இடத்தில் ஏறி இறங்கிவிட்டு இப்போது மோட்டார் காடி பேட்டரி விற்கிற கடையில் நிற்கிறார். அத்தைக்கும் உனக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அப்பா இறந்த பிறகு வீட்டைத் தாங்க வேண்டிய படித்த பிள்ளை தான்தான் என்கிற நினைப்பு அவருக்கு.

நீ கேட்டதை அவரால் செய்ய முடியாது. பாசாங்கை அந்தக் கம்பெனிக் கம்ப்யூட்டரில்தான், வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினார். அனுப்பிய அன்று மேசையைத் திறக்கக்கூட விடவில்லையாம். டிஸ்கெட்டெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. தொட்டுப் பார்க்க இங்கே ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. அச்செடுத்த காகிதம் ஒரு கட்டு மட்டும் வீட்டில் இருந்தது, அது தப்பியது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உன்னிடம் சாக்குச் சொல்வதற்காக மட்டும் அவர் அப்படி எழுதவில்லை. சாப்பிடும்போதும் என்னிடம் அதையேதான் வாதாடுகிறார். "எல்லாரையும் கேட்டா எப்படி ஜோன்? மறந்துருவாங்க ஜோன்." எனக்கு ஒன்றும் புரிவதில்லை, சோற்றைப் போடுகிறேன்.

நீ என்ன செய்வாயோ தெரியாது. அவரை அவமானப்படுத்தாமல் செய்.

உன் அண்ணி,
ஜோன்

*

ஈப்போ,
17 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் துணையால் நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். மே மாதம் நான் எழுதியது கொஞ்சம் அதிகம். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு யோசனை. உங்களுக்கு அங்கே வேலைச் சுமை. எனக்கு இங்கே சாயங்காலம் கடை மூடிய பிறகு கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது. தவுக்கே புரோகிராம் எழுத வேண்டிய பாஸ்கல் கம்பைலர் டிஸ்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், பிரிக்காமலே கிடக்கிறது. பாசாங்கின் மூல எழுத்து காகிதத்தில் உங்களிடம் இருந்தால் அனுப்பி வையுங்கள். டிஸ்கெட்டாக வேண்டாம், தபாலில் வளைந்துவிடும். காகிதமே போதும். நான் ஒவ்வொரு வரியாகத் தட்டிவிடுகிறேன். எங்கே எதை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னால் போதும், கை வேலையை நான் பார்க்கிறேன். உங்களைக் கேட்காமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

இன்னொரு சேதி. இருளாயி கிடைத்துவிட்டாள். சுங்காய் ஆஸ்பத்திரிக்கு இருமலோடு வந்திருக்கிறாள். அங்கிருக்கிறவர்கள் விசாரித்து நம் டிரஸருக்குப் போன் போட்டார்கள். மருந்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இளைத்துப் போயிருக்கிறாள் என்று டிரஸர் சொன்னார்.

அண்ணிக்கு முத்தங்கள்.

உங்கள் தங்கை,
ஐவி

*

ஜொகூர் பாரு,
7 செப்டம்பர் 1986

அன்புத் தங்கச்சி ஐவிக்கு,

இருவரும் நலம். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு என்ன சொல்வது. அந்தப் பெண் கிடைத்ததைப் படித்த அன்று சரியாகச் சாப்பிட முடிந்தது.

காகிதக் கட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் என்ன இது, தலையணையா என்று கேட்டார். தட்டும்போது புள்ளி, அரைப்புள்ளியைக் கவனி. ஒன்று விட்டால் நாள் முழுக்கத் தேடுவாய்.

எழுபதாம் பக்கத்தில் இருக்கிறது நீ தவறவிட்ட இடம். எழுத்தைத் துண்டாகச் சேர்த்தது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். சுத்தம் செய்யும் பகுதியையும் மாற்று. வைக்கும்போதே என்ன வைத்தோம் என்று பாசாங் எழுதி வைக்கட்டும், எடுக்கும்போது அதில் இருப்பதை மட்டும் எடுக்கட்டும். இதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். டிரஸரிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள்.

ஆனால் உன் கேள்வி விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனை. பதில் சொல்லாமல் தட்டினால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அடுத்தது, எங்கே வைத்தோம் என்பதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே ஒரு நிலையான இடத்தில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு யாராவது போன் செய்தால் அதைப் பார்த்துச் சொல்லலாம். இந்த இரண்டாவது நிபந்தனை முக்கியம். இதைச் செய்யாமல் ஊரில் விட்டுவிடாதே.

அம்மாவுக்கு என் அன்பு.

மத்தியாஸ்

*

ஈப்போ,
9 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். தீபாவளிக்குக் கீழ் வீட்டு மாரியம்மா அக்கா முறுக்கு கொடுத்தார், அம்மா உங்களை நினைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

நான்காம் பதிப்பு ஓடுகிறது. தட்டி முடிக்க ஒரு மாதம் பிடித்தது. கெருயிங்கில் டிரஸரையே உட்கார வைத்தேன். "லெத்தாக் டி மானா?" என்று திரையில் மலாயில் கேட்டது. எங்கே வைக்க? அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் டி என்று தட்டினார். எல்லாம் டி டிஸ்கில் போய் உட்கார்ந்தது. அவருடைய விவரம் எதையும் தொடவில்லை. "இப்பதான்மா மூச்சு வருது" என்றார்.

இது நல்ல சேதி. இப்போது அடுத்தது.

உங்கள் இரண்டாவது நிபந்தனையை நான் செய்யவில்லை. அவசரம். தவுக்கே தினமும் கேட்டார். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் போன் மேல் போன். சம்பளப் புரோகிராமைக் காணோம், ஸ்டோர் புரோகிராமைக் காணோம். எங்கே வைத்தீர்கள் என்றால் யாருக்கும் ஞாபகம் இல்லை. சுங்காயில் ஒரு கிராணி தன் மகள் பெயரைத் தட்டியிருக்கிறார், மகளுக்கோ இரண்டு பெயர். லகாட் மரப்பட்டறை ஆபீஸில் ஐயாவு என்று ஒருவர். நேரில் போனேன்.

"அண்ணே, எங்க வைக்கன்னு அது கேட்டுச்சே, நீங்க என்ன தட்டினீங்க?"

"லெத்தாக் டி மானான்னு கேட்டுச்சுமா. அத்தாஸ் மேஜான்னு தட்டினேன்."

"மேசை மேலயா?"

"ஆமா. கம்ப்யூட்டர வேற எங்கமா வைப்பாங்க?"

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். என் புரோகிராம் முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு அத்தாஸ் என்று ஓர் அறையைத் திறந்து சம்பளக் கணக்கு முழுவதையும் அதற்குள் வைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், நீதான் பஸ் ஏறித் தேடுவாய் என்று எழுதியிருந்தீர்கள். தேடுகிறேன்.

கேள்வி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அதைக் கேட்கிற விதம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன நிலையான குறிப்பை எழுதிப் பார்த்தேன், மற்றப் புரோகிராம்கள் ஒவ்வொன்றும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது, எனக்கு வரவில்லை. காகிதத்தில் எழுதி அனுப்பி, பதில் வந்து, திரும்ப எழுதி, இது ஒரு வருடமானாலும் முடியாது. தவுக்கேயிடம் இதை எழுதியது யார் என்று சொன்னேன். இன்னொரு மேசை போட இடம் இருக்கிறது, உன் அண்ணன் வருவாரா என்று கேட்டார். சம்பளம் சிங்கப்பூர் அளவுக்கு இருக்காது என்பதையும் அவரே சொன்னார்.

எத்தனை நாள் லீவு கிடைக்கும் உங்களுக்கு? முதலில் வந்து பாருங்கள். பிடித்தால் யோசிக்கலாம்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
ஐவி

*

ஜொகூர் பாரு,
20 நவம்பர் 1986

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். அம்மாவிடம் சொல்லிவிடு, அடுத்த சனிக்கிழமை காலை ஈப்போவில் இருப்பேன். ஜோன் கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த மாதக் கடைசியில் வருவாள்.

அத்தாஸ் மேஜாவை ஜோனுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "அவர் சொன்னதுதானே சரி" என்றாள். நானாக இருந்தால் அந்தக் கேள்வியை வைத்திருக்கவே மாட்டேன். இன்னும் அதே கருத்துதான், வந்ததும் சண்டை போடுவோம்.

எத்தனை நாள் லீவு என்று கேட்டிருந்தாய். நான் வேலை பார்க்கிற பேட்டரிக் கடை முதலாளியிடம், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறேன், நின்றுகொள்கிறேன் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். "கம்ப்யூட்டரா? நீயா?" என்று கேட்டார். கையில் ஆசிட் பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றேன். இந்த ஒன்றேகால் வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அன்புடன்,
மத்தியாஸ்